அறுவை மெஷினுக்கு இழுத்த லைன்

கிண்டியில் நான் வேலை பார்த்த பேனல் போர்டு கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர்களாக இருக்கும் பெண்கள் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பேச்சின் நடுவில் யாராவது ஒருத்தி, நான் செய்ததிலேயே பெரிய வேலை எது என்று கேட்பாள். ஆஸ்பத்திரிக்குச் செய்த பேனலையோ, அடையாறில் உயரமான கட்டடம் ஒன்றுக்குச் செய்ததையோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது வேறு. ஓய்வு பெற்ற பிறகு ஆதம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் செய்த வேலை அது. இரண்டு பேர் தாங்களே செய்துவைத்திருந்த ஒரு மரம் அறுக்கும் மெஷினுக்குக் கரன்ட் லைன் போட்டுக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெட்டியும் நீளமான ஒரு கேபிளும்தான். ஆனால் வேலைக்காலம் முழுவதும் கற்றுக்கொண்டது எல்லாம் அங்கேதான் எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் வீடு மயிலாப்பூர். அப்பா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அக்காக்கள் இரண்டு பேரும் டீச்சர்கள். நான் மட்டும் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தேன். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் தடுக்கவில்லை. கிண்டிக் கம்பெனியில் ஒயரிங் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலவே பெண்கள். ஒயரை வெட்டி, முனையில் லக் என்கிற செம்பு வளையத்தை மாட்டி அழுத்தி, நம்பர் போட்டு, வரிசையாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரிரு வருஷத்தில் கை பழகிவிட்டது. மூளை பழக இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. அதற்குக் காரணம் எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம் சார்.

அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். லைனைத் தொடுவதற்கு முன் மெயினை இறக்கி, பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு மீட்டரை எடுத்து, கரன்ட் இருக்கிறது என்று தெரிந்த வேறொரு இடத்தில் வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் நாங்கள் தொடப்போகும் லைனில் வைப்பார். ஒன்றும் காட்டாது. அதோடு விடமாட்டார். மறுபடி முதல் இடத்துக்கே போய் வைத்துப் பார்ப்பார். நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால், செத்த மீட்டர் சொன்னதை நம்பி ஒருத்தர் கை வைத்துவிடுவார் அல்லவா? எவ்வளவு அவசரமான நாளிலும் இதில் ஒன்றைக்கூட அவர் விட்டு நான் பார்த்ததில்லை.

பேனலில் ஏதாவது கோளாறு என்றால் எல்லாரையும் ஓரடி தள்ளி நிற்கச் சொல்வார். பிறகு ஒவ்வொருத்தரிடமும், கண்ணால் பார்த்ததை மட்டும் கேட்பார். யாராவது, "அந்த ஸ்குரூ லூசா இருந்திருக்கும் சார்" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "‘இருக்கும்’ வேணாம். இருக்கா, இல்லையா?" என்பார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

ஒருமுறை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். தெற்கிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய கடை. பண்டிகை வியாபார நேரத்தில் எங்கள் பேனல் கருகி, கடை முழுக்க இருட்டாகிவிட்டது. முந்தின நாள் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் அந்தப் பேனலைத் திறந்திருக்கிறார். அவர்தான் காரணம் என்று ஏற்கெனவே முடிவு செய்து, மாடிப்படியில் உட்காரவைத்திருந்தார்கள். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தணிகாசலம் சார் கருகின துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு செய்தித்தாளை விரித்து, இருந்த வரிசையிலேயே வைத்தார். கருகல் எங்கே ஆழமாக இருக்கிறதோ அங்கேதான் தொடங்கியிருக்கும். அது மெக்கானிக் தொட்ட இடம் இல்லை. எங்கள் மேஜையில் சரியாக அழுத்தாமல் விட்ட ஒரு லக்.

கடைக்காரரிடம் நேராகப் போய், "எங்க வேலைதாங்க சரியில்ல. அந்தத் தம்பிய வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த லக்கை அழுத்தினது யார் என்று கண்டுபிடிப்பீர்களா என்று கேட்டேன். "கண்டுபிடிப்பேன். அவகிட்ட மட்டும் தனியா சொல்வேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு பண்ணவங்ககிட்ட தனியா சொல்லலாம்மா. தப்பு பண்ணாதவன் பண்ணலன்றத மட்டும் நாலு பேர் முன்னாடி சொல்லணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் மேஜையில் லக் அழுத்திக்கொண்டிருந்த பெண்களில் கஸ்தூரியும் ஒருத்தி. சைதாப்பேட்டைப் பெண். அதிகம் பேசமாட்டாள், வேலை சுத்தமாக இருக்கும். கல்யாணமாகி, மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். கணவர் தனசேகர் தச்சு வேலை செய்பவர். கஸ்தூரியின் அண்ணன் செல்வம் கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர்.

அந்தப் பெரிய புயலில் நகரம் முழுக்க மரங்கள் விழுந்தபோது, மச்சான்கள் இரண்டு பேருக்கும் ஒரு யோசனை வந்தது. விழுந்த மரங்களை எல்லாரும் துண்டு போட்டு விறகாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். மரம் கிடக்கிற இடத்துக்கே மெஷினைக் கொண்டுபோய்ப் பலகையாக அறுத்துக் கொடுத்தால் என்ன என்று நினைத்தார்கள். இரும்பு ஆங்கிளில் தண்டவாளம் போல ஒன்று செய்து, அதன்மேல் உருளும் சட்டத்தில் இரண்டு பெரிய சக்கரங்களைப் பொருத்தி, பட்டை ரம்பத்தை மாட்டி, ஒரு பழைய த்ரீ ஃபேஸ் மோட்டாரையும் வைத்தார்கள். ரம்பம் சூடாகாமல் இருக்க மேலே ஒரு தண்ணீர்க் கேன், சொட்டுச் சொட்டாக விழும். கழற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். மெஷின் நன்றாக ஓடியது. அடையாறில் ஒரு குடியிருப்பில் வேலை செய்தபோது, பம்ப் ரூமிலிருந்து கேபிள் இழுத்து ஓட்டியிருக்கிறார்கள். காலையில் மழை பெய்து தரை ஈரம். அறுத்துக்கொண்டிருந்தபோது தனசேகருக்கு ஷாக் அடித்தது. செல்வம் ஓடிப்போய்ப் பியூஸைப் பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது.

கேபிளின் நடுவில் ஒரு ஜாயிண்ட் இருந்தது. தனசேகர்தான் அதைப் போட்டவர். அது ஈரப் புல்லில் கிடந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அதைக் காட்டி, இதுதான் என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஒருநாள் கஸ்தூரி மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினாள்.

"அக்கா, அது நல்ல மெஷினு. அவரும் எங்கண்ணனும் சேந்து பண்ணது. காயலாங்கடையில போட மனசு வரல. யார் உயிரும் போவாத மாதிரி ஒரு லைன் போட்டுக் குடுங்க. நானே ஓட்டிக்கிறேன்."

அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். மெஷின் நிற்கிற ஆதம்பாக்கம் கொட்டகைப் பக்கமே அவர் வருவதில்லை என்றாள். மாமியார் சைதாப்பேட்டையில் தனியாக இருக்கிறார். மருமகளோடு பேச்சு குறைந்துவிட்டது. "எம்புள்ள அவசரக்காரன், ஈரத்துல அரைகுறையா ஒட்டிட்டு உயிர வுட்டுட்டான்னு இன்னும் சொல்லிக்கினு கீறாங்கக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். போவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கத் தயங்கினேன், ஆனாலும் கேட்டேன். தனசேகர் உடம்பில் எங்காவது காயம் இருந்ததா?

"வலது உள்ளங்கையில கோடு மாதிரி கருப்பா இருந்துச்சு. குளிப்பாட்டும்போது பாத்தேன்" என்றாள்.

அன்று முழுக்க அது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புல்லில் கிடந்த ஜாயிண்ட்டிலிருந்து கரன்ட் கசிந்திருந்தால் ஈரத் தரையில்தான் பரவியிருக்கும். மெஷினின் கைப்பிடியில் அது எப்படி வரும்? அறுக்கும்போது தனசேகரின் வலது கை, சட்டத்தைத் தள்ளும் அந்தக் கைப்பிடியில் இருந்தது. கோடு அங்கேதான் விழுந்திருக்கிறது.

கொட்டகையில் மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அந்தப் பழைய கேபிளும் சுருட்டின மேனிக்கு அப்படியே கிடந்தது. முதலில் ஜாயிண்ட்டை எடுத்தேன். பிளேடால் மெதுவாகக் கீறிப் பிரித்தேன். ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தள்ளி இணைக்கப்பட்டிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். மேலே ரப்பர் டேப், அதற்கு மேல் சாதா டேப். உள்ளே செம்பு புதுசு போலப் பளபளத்தது. ஒரு பொட்டுப் பச்சைக் களிம்பு இல்லை, கருகல் இல்லை. தச்சு வேலை செய்கிறவர் இவ்வளவு பொறுமையாக ஜாயிண்ட் போட்டிருந்தார். என் மேஜைப் பெண்களிடம் இதைக் காட்டியிருக்கலாம்.

பிறகு மோட்டாரில் ஒயர் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மரத்தூள், தண்ணீரில் குழைந்து காய்ந்து, அடை போல இறுகிக் கிடந்தது. அதைப் பெயர்த்தபோது, ஒயர் முடியும் இடத்திலிருந்து மோட்டார் உடம்பு வரைக்கும் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. கரன்ட் போன வழி அதுதான். ஒயர் நுழைகிற ஓட்டை மேல்பக்கம் பார்த்தபடி இருந்தது. கேபிள் நுழையவில்லை என்று யாரோ உளியால் பெரிதாக்கி, கழுத்தை இறுக்கும் கிளாண்ட் மாட்டாமல், டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே தண்ணீர்க் கேன்.

நான் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். கஸ்தூரி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேஜையில் வேலை செய்தவள். சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அந்த ஓட்ட அண்ணன் போட்டதுக்கா. நான்தான் டார்ச் புடிச்சேன்" என்றாள்.

 பிறகு அவள் ஜாயிண்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கணவர் இறந்தபோது எப்படி அழுதாள் என்று எனக்குத் தெரியாது. இந்த அழுகையில் துக்கம் மட்டும் இல்லை என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனிடம் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார் என்றாள். சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். அந்த மெஷினை அவர் கையால் செய்திருக்கிறார். நாளைக்கு வேறு யாருக்காவது இன்னொன்று செய்து கொடுப்பார். அதைவிட, ஒரு வருஷமாக அவர் கொட்டகைக்குள் வராமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

செல்வத்தின் பட்டறைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். அவரைத் தனியாக வெளியே கூப்பிட்டு, வேப்பமர நிழலில் நின்று சொன்னேன். கசிவு எங்கே இருந்தது என்பதைச் சொன்னேன். அதோடு, கசிவு மட்டும் ஆளைக் கொன்றிருக்காது என்பதையும் சொன்னேன். அவர்கள் இழுத்திருந்த கேபிளில் மூன்று ஒயர்தான். எர்த் ஒயரே இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்திருந்ததால், கசிந்த கரன்ட் தரைக்குப் போக வழியில்லாமல் மெஷின் உடம்பு முழுக்க நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் பியூஸும் போகவில்லை. ஈரத் தரையில் நின்ற தனசேகர் கைப்பிடியைத் தொட்டதும் அவர் உடம்பு வழியாக இறங்கிவிட்டது. எர்த் இருந்திருந்தாலோ, கசிந்த கணத்தில் லைனை வெட்டிவிடும் இ.எல்.சி.பி. ஒன்று இருந்திருந்தாலோ பிழைத்திருப்பார்.

செல்வம் கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் கழிவுப் பஞ்சு. அதிலேயே திரும்பத் திரும்ப விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சும்மா. ஜாயிண்ட்டுதான்னு அவங்க சொன்னப்ப, பொட்டியத் தொறந்து பாத்துடலாம்னு தோணிச்சு. தெகிரியம் வரல" என்றார். பிறகு, "இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.  ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த ஓட்டையை அடைத்துக் கொடுங்கள் என்றேன்.

வந்தார். கொட்டகை வாசலில் கொஞ்சம் நின்றார். கஸ்தூரி உள்ளேயிருந்து, "ஸ்பேனர் இங்க கீதுண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவர் குனிந்து உள்ளே வந்து வேலையைத் தொடங்கினார். மோட்டாரைத் திருப்பி மாட்டி, பழைய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, கீழ்ப்பக்கமாகப் புது ஓட்டை போட்டு, கிளாண்ட் மாட்டி இறுக்கினார். தண்ணீர்க் கேனையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினார்.

லைனை நான் இப்படிப் போட்டேன். தடிமனான ரப்பர் உறை போட்ட நாலு ஒயர் கேபிள், நாலாவது எர்த். நடுவில் எங்கும் ஜாயிண்ட் கிடையாது. சுவிட்சுப் பெட்டியை மெஷினில் வைக்காமல், கரன்ட் எடுக்கும் இடத்திலேயே மாட்டுகிற மாதிரி செய்தேன். அப்போதுதான் கேபிளில் எங்கே அடிபட்டாலும் முழு நீளத்துக்கும் காவல் இருக்கும். அதற்குள் இ.எல்.சி.பி.யும், த்ரீ ஃபேஸில் வரிசை மாறியிருந்தால் மோட்டாரை ஓடவிடாத ஒரு ரிலேயும் வைத்தேன். ஊர் ஊராக மாட்டிக் கழற்றும் மெஷினில் இந்த வரிசை மாறிக்கொண்டே இருக்கும். மாறினால் ரம்பம் பின்பக்கமாகச் சுற்றிச் சக்கரத்தை விட்டு வெளியே பாயும். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓட ஆரம்பிக்காதபடி ஸ்டார்ட்டர். கைக்கெட்டும் உயரத்தில், தட்டினால் நிற்கிற சிவப்புப் பொத்தான். கேபிள் புல்லில் கிடக்காமல் இருக்க, கவட்டைக் கம்புகளின் மேல் தூக்கிக் கொண்டுபோக ஏற்பாடு. லக் எல்லாவற்றையும் கஸ்தூரிதான் அழுத்தினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். கை மறக்கவில்லை.

முதல் வேலை எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில். புயலில் சாய்ந்த ஒரு வேம்பு மூலையில் காய்ந்து கிடந்தது. அதைப் பலகையாக்கி பெஞ்சு செய்துகொள்ள ஃபாதர் விரும்பினார். கோயில் ஹாலில் த்ரீ ஃபேஸ் இருந்தது. எர்த் நன்றாக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே மாட்டினேன். ஓடவிடுவதற்கு முன் லேசாகத் தூறல் விழுந்து நின்றது. கஸ்தூரி பொத்தானை அழுத்தினாள். மோட்டார் எழும்பின உடனே இ.எல்.சி.பி. விழுந்து லைனை வெட்டிவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடி விழுந்தது.

ஹாலில் ஒரு கல்யாணத்துக்கு லைட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், உதவத்தான் வந்தார். இந்தச் சாமான் எல்லாம் சும்மா சும்மா விழும், இதை விட்டுவிட்டு நேராக லைன் கொடுத்துவிடுங்கள், தானே மாற்றித் தருகிறேன் என்றார். செல்வம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் கஸ்தூரி சொன்னாள்.

"உழட்டும்ணா. உழறதுக்குத்தான் வச்சிக்கீறேன்."

மெயினை இறக்கிப் பூட்டி, சாவியை அவளே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பெட்டி, கேபிள், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கசிவைக் காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். கேபிளை மெஷினில் செருகுகிற பிளக்கில் தூறல் தண்ணீர் புகுந்திருந்தது. துடைத்து, காயவைத்து, மேலே ஒரு மூடி கட்டினோம். வெயில் வரும்வரை காத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஓட்டினபோது நிற்கவே இல்லை. வேம்பின் கசப்பு வாசனை வளாகம் முழுக்க வந்தது. முதல் பலகையை அண்ணனும் தங்கையும் இரண்டு முனையிலும் பிடித்து இறக்கி வைத்தார்கள்.

அன்று வேலை முடிந்து சாமான்களை ஏற்றும்போது கஸ்தூரி, தன் மாமியாரிடம் அந்த ஜாயிண்ட்டைப் பற்றி நான் வந்து சொல்ல வேண்டும் என்றாள். தான் சொன்னால், புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைப்பார் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். செல்வம் லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று கஸ்தூரி சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. தனசேகரின் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செல்வத்தைப் பார்த்ததும் கை நின்றது. சாவுக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

நான் யார் என்பதைச் சொன்னேன். எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தேன் என்பதைச் சொன்னேன். பிறகு, உங்கள் மகன் போட்ட ஜாயிண்ட்டை நான் பிரித்துப் பார்த்தேன், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்றேன்.

"அவசரத்துல போட்டதுன்னாங்களே."

"இல்லம்மா. பொறுமையா, ரொம்ப நல்லா போட்டிருந்தார். நானே போட்டிருந்தாலும் அதவிட நல்லா போட்டிருக்க முடியாது. அவர் சாவுக்கு அது காரணமில்ல."

அந்த அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அப்படியானால் எது என்று கேட்டார். நான் மோட்டாரைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, யார் பேரும் வராமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துவைத்திருந்தேன். அதற்கு இடம் வரவில்லை.

"நான் போட்ட ஓட்டதான் அத்த" என்றார் செல்வம். "அது வழியா தண்ணி எறங்கிச்சு. மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல."

வெளியே மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. கஸ்தூரி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மா திட்டுவார், எழுந்து போகச் சொல்வார், எதுவாக இருந்தாலும் நியாயம்தான் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. செல்வத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இத்தனை நாளும் கேட்க ஆள் கிடைக்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"நீதான கூட இருந்த. கடைசியா இன்னா சொன்னான்?"

 செல்வம் கட்டில் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார்.

"பலகைய நான் எடுத்து அடுக்கிக்கினு இருந்தேன் அத்த. ‘கொஞ்சம் தள்ளி வை மச்சான், கால்ல உழப்போவுது’ன்னான். அவ்ளோதான்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். மகன் சொல்லக்கூடியதுதான் என்பதுபோல இன்னும் ஒருமுறை ஆட்டினார். பிறகு கீரைத் தட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"நிக்காத. ஒக்காரு" என்றார் செல்வத்திடம்.